கிரியாட்டின் எறங்குனா கிட்னி தேறிருச்சுன்னு அர்த்தமா?

நாகர்கோவில்லயோ மார்த்தாண்டத்துலயோ எந்த லேப் வாசல்ல நின்னு காது குடுத்தாலும் கிட்னி பத்துன பேச்சு ஒரே ஒரு நம்பர்லதான் ஓடும், கிரியாட்டின். அப்பாவுக்கு 2.4 இருந்துது இப்போ 1.9-க்கு கொண்டு வந்தாச்சு, மாமிக்கு 1.6 ஆயிப்போச்சு, திருவனந்தபுரம் போய்க் காட்டுனா கொறையுமா, யாரோ குடுத்த பொடியில அண்ணாச்சிக்கு ஒரே மாசத்துல ஒண்ணு எறங்கிச்சாம்லா, இப்பிடித்தான் போகும். நம்பர் எறங்குனா சந்தோஷம், ஏறுனா வீட்டுல யாருக்கும் சோறு எறங்காது.

ஆனா கடந்த முப்பது வருஷத்துல கிட்னி நோய்க்கு நடந்த பெரிய மருந்து ஆராய்ச்சிகள எடுத்து வச்சுப் பாத்தா கணக்கு கொஞ்சம் தலைகீழா இருக்கு. டயாலிசிஸ தள்ளிப் போடும்னு நிரூபிச்ச முக்கியமான மருந்தெல்லாம் ஆரம்பத்துல கிரியாட்டின கொஞ்சம் ஏத்தித்தான் விடும். கிரியாட்டின நல்லா எறக்கிக் காட்டுன ஒரு மருந்து, ஆளுகள இதயக் கோளாறுல கொண்டு விட்டு ஆராய்ச்சியையே பாதியில நிறுத்த வச்சுது. இது ரெண்டும் ஏன் நடந்துதுன்னு புரிஞ்சா லேப் ரிப்போர்ட்ட பாக்குற பார்வையே மாறிரும், அதுக்குத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல கிரியாட்டின்னா என்ன. நம்ம தசை வேலை செய்யும்போது உண்டாகுற ஒரு கழிவு, அவ்வளவுதான். அதுவே விஷம் ஒண்ணும் கிடையாது. தசை தெனமும் ஏறக்கொறய ஒரே அளவுல உண்டாக்கும், கிட்னி வடிகட்டி யூரின்ல வெளிய தள்ளும், வடிகட்டு கொறஞ்சா ரத்தத்துல தேங்கும். அப்போ ரத்தத்துல இருக்குற அளவு ரெண்டு விஷயத்தப் பொறுத்தது, கிட்னி எவ்வளவு தள்ளுது, தசை எவ்வளவு உண்டாக்குது. நாம எல்லாரும் இந்த ரெண்டாவது பாதிய மறந்துதான் பேசுறோம்.

கொளச்சல் பக்கம் வல்லம் தள்ளுற 25 வயசுப் பையன், நல்ல உடம்பு, கிரியாட்டின் 1.2. ரிப்போர்ட்டுல நார்மல்னு வரும், உண்மையிலயும் நார்மல்தான், கணக்குப் போட்டா கிட்னி வடிகட்டுற வேகம் நிமிஷத்துக்கு 86 மில்லி கிட்ட வரும். அதே 1.2 ஒரு 65 வயசு அம்மாவுக்கு வந்தா? 2021-ல வந்த புது பார்முலாப்படி 50 மில்லிதான். நிறைய லேப்ல 1.2 வர நார்மல்னு போட்டிருப்பாங்க, அதனால ரெண்டு பேரு பேப்பர்லயும் ஒரே எழுத்துதான் இருக்கும், ஆனா அந்த அம்மாவுக்கு கிட்னி பாதி கிட்ட போயிருச்சு. இந்த "நிமிஷத்துக்கு எத்தன மில்லி"ங்குறதத்தான் ஈஜிஎஃப்ஆர்னு சொல்றாங்க. நல்ல லேப்ல கிரியாட்டினுக்கு கீழயே இது இருக்கும், யாரும் படிக்கிறதில்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு. கிட்னின்னு கேட்டதும் பயந்துபோய் மீன் நிறுத்து, முட்டை நிறுத்து, பருப்பு நிறுத்து, கஞ்சியும் சுட்ட அப்பளமும் போதும்னு ஆளப் பட்டினி போடுற வீடுக நெறய. ரெண்டு மூணு மாசத்துல ஆளு எலும்பும் தோலுமா ஆவாரு, கிரியாட்டின் எறங்கும். எறங்கத்தான் செய்யும், தசை கரைஞ்சா கிரியாட்டின் உண்டாக எடம் எங்க? கிட்னி அங்கயேதான் நிக்கும், இல்லன்னா இன்னும் கீழ போயிருக்கும், ஆனா பேப்பர்ல "முன்னேற்றம்". "கிரியாட்டின் கொறைக்கும் டயட்"னு வாட்சப்புல சுத்துறதுல பாதி இந்த வித்தைதான். புரோட்டீன அளவோட வைக்கணும்கிறது சரிதான், அளவுங்கிறதும் பட்டினிங்கிறதும் ஒண்ணு இல்லலா. (சுட்ட அப்பளத்துல உள்ள உப்பு வேற தனிக்கதை.) இதுக்கு நேர் மாறா, ஜிம்முக்குப் போய் கிரியேட்டின் பவுடர் (பேரு ஒத்திருந்தாலும் கிரியாட்டின் இல்ல, வேற பொருள்) குடிக்கிற பையனுக்கு கிட்னி கல்லு மாதிரி இருந்தாலும் ரிப்போர்ட்டுல 1.4, 1.5 வந்து வீட்டையே பயமுறுத்தும். டெஸ்டுக்கு மொத நாள் ராத்திரி மாட்டுக்கறி ஒரு பிடி பிடிச்சுட்டுப் போனாலும் கொஞ்சம் கூடும்.

இந்தக் குழப்பத்தத் தீக்கத்தான் ஆராய்ச்சிக்காரங்க அம்பது வருஷமா பார்முலா மாத்திக்கிட்டே இருக்காங்க. 1976-ல காக்ராப்ட்-கால்ட், 1999-ல எம்டிஆர்டி, 2009-ல சிகேடி-எபி, பொறவு 2021-ல அதையே திருத்தி, கறுப்பினத்தவருக்குன்னு தனியா பெருக்கிட்டு இருந்த எண்ணத் தூக்கிட்டாங்க. இதுல நமக்கு ஒரு சிக்கல் என்னன்னா இந்த பார்முலா எல்லாம் பெரும்பாலும் அமெரிக்கா பக்கத்து ஆளுக உடம்ப வச்சு உண்டாக்குனது. நம்ம ஆளுகளுக்கு சராசரியா தசை கம்மி, அதனால கிட்னி இருக்குறத விட நல்லா இருக்குற மாதிரி கூட்டிக் காட்டும்னு இந்தியாவுல நேரடியா வடிகட்டு வேகத்த அளந்து பாத்த ஆராய்ச்சிகள் சொல்லுது. தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி-ன்னு இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு. சந்தேகம் வர்ற எடத்துல ரெண்டையும் சேத்துக் கணக்குப் போடுங்கன்னு 2024-ல வந்த கேடிகோ வழிகாட்டி சொல்லுது (உலகத்துல உள்ள கிட்னி டாக்டர்மாரு பின்பத்துறது இதத்தான்). ஆனா வெலை கூடுதல், எல்லா லேப்லயும் இல்ல, தைராய்டு கோளாறு இருந்தாலோ ஸ்டீராய்டு எடுத்தாலோ அதுவும் ஆடும்.

சரி, ரத்தத்துல உள்ள நம்பரு இவ்வளவு வழுக்குதுன்னா சீக்கிரமா கண்டுபிடிக்க வேற வழி? இருக்கு, ஆனா யூரின் டெஸ்ட்ங்குறதால யாருக்கும் மதிப்பில்ல. கிட்னியில பாதி கிட்ட போன பொறவுதான் பலருக்கு கிரியாட்டின் நார்மல் கோட்ட தாண்டும், ஆனா வடிகட்டி லேசா கிழிய ஆரம்பிச்சதுமே ஆல்புமின்னு ஒரு புரோட்டீன் யூரின்ல கசியும். சுகர் உள்ளவங்களுக்கு இது பல வருஷம் முன்னாலயே தெரியும். காலையில எடுத்த யூரின்ல ஆல்புமினையும் கிரியாட்டினையும் ஒப்பிட்டுப் பாக்குற டெஸ்ட் பேரு ஏசிஆர். ஒரு கிராம் கிரியாட்டினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழ நல்லது, 30-லருந்து 300 கவனிக்கணும், 300-க்கு மேல கசிவு நல்லாவே கூடிப்போச்சு. ஒரு தடவ கூடுனா போதாது, காய்ச்சல் இருந்தாலும் கடுமையா ஒடம்பு வேலை செஞ்சாலும் கூடும், மூணு மாசம் கழிச்சும் அப்பிடியே நின்னாதான் நாள்பட்ட கிட்னி நோய்னு பேரு. ஈஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழ போறதுக்கும் அதே மூணு மாசக் கணக்குதான். ஒரே ஒரு ரிப்போர்ட்ட வச்சு "உங்களுக்கு கிட்னி போச்சு"ன்னு யாராவது சொன்னா கொஞ்சம் நிதானமா இருங்க. அதுக்காக மூணு மாசம் ஒண்ணும் செய்யாம இருக்கணும்னு இல்ல, திடீர்னு ஏறுன கிரியாட்டின் எலிக்காய்ச்சலாவும் இருக்கலாம் விரியன் கடியாவும் இருக்கலாம், மழைக்காலத்துல நம்ம வயக்காட்டுப் பக்கம் ரெண்டும் உண்டு, அது வேற அவசரம்.

யூரின் டெஸ்டோட பலத்தக் காட்டுனது நம்ம தமிழ்நாட்டுலயே நடந்த ஒரு வேலை. சென்னையில டாக்டர் எம்.கே.மணி ஆரம்பிச்ச கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிராமத்துப் பொண்ணுகளுக்குப் பயிற்சி குடுத்து வீடு வீடா அனுப்பி, யூரின்ல புரோட்டீனும் சுகரும் இருக்கான்னு சாதாரண ரசாயனத்த ஊத்திப் பாத்து, பிரஷர் அளந்து, மாட்டுனவங்களுக்கு ரொம்ப வெல கொறஞ்ச பழைய மாத்திரைகளையே குடுத்தாங்க. அப்போ புதுசா வந்திருந்த வெல கூடுன மருந்து எதுவும் கிடையாது. கிட்னி நோய தடுக்க பெரிய ஆஸ்பத்திரி வேணும்னு இல்லங்குறத வெளிநாட்டு ஜர்னல்கள்ல எழுதிக் காட்டுன வேலை அது. 2023-ல தமிழ்நாடு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே யூரின்ல பட்டை முக்கிப் பாக்குற திட்டம் கொண்டு வந்ததும் அதே யோசனைதான். சுகரோ பிரஷரோ உள்ள ஆளு வருஷத்துக்கு ஒரு தடவ இதப் பாக்காம, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ கிரியாட்டின் மட்டும் பாத்துக்கிட்டு இருக்குறது எனக்கு எப்பவுமே எரிச்சலா இருக்கும்.

இப்போ மருந்துக்கு வருவோம். 1993-ல கேப்டோப்ரில்னு ஒரு பிரஷர் மாத்திரைய சின்ன வயசுலயே சுகர் வந்த 409 பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க, அதே அளவு பிரஷர் கொறஞ்ச மத்தவங்கள விட இவங்களுக்கு கிட்னி கெடுறது பாதி கிட்ட கொறஞ்சுது. 2001-ல ரீனால்னு ஒரு ஆராய்ச்சி, 1,513 பேரு, லோசார்ட்டான் மாத்திரை, டயாலிசிஸ் நிலைக்குப் போறது 28 சதவீதம் கொறஞ்சுது. இன்னைக்கு நம்ம ஊர்ல சுகர்காரங்க வீட்டுல எல்லாம் டெல்மிசார்ட்டான் இருக்குல்ல, அது இந்தக் குடும்பத்து மாத்திரைதான்.

இது எப்பிடி வேலை செய்யுதுன்னு புரிஞ்சாதான் கிரியாட்டின் ஏன் ஏறுதுன்னு புரியும். கிட்னிக்குள்ள லட்சக்கணக்குல குட்டிக் குட்டி வடிகட்டிக, ஒவ்வொண்ணுக்கும் ரத்தம் உள்ள வர ஒரு குழாய், வெளிய போக ஒரு குழாய். தென்னைக்குத் தண்ணி விடுற ஓஸ் நுனிய விரலால அமுக்கிப் பிடிச்சா உள்ள பிரஷர் ஏறி இடையில எங்க ஒட்டுப் போட்டிருக்கோ அங்க பீச்சும்லா, சுகர் நோய்ல அந்த வெளிய போற குழாய் அப்பிடித்தான் இறுகி நிக்கும். கொஞ்ச நாளு வடிகட்டு வேகம் நல்லாவே இருக்கும், கிரியாட்டின் அழகா இருக்கும், ஆனா வடிகட்டி உள்ளுக்குள்ள நைஞ்சுக்கிட்டே இருக்கும், ஆல்புமின் கசியும். லோசார்ட்டான் வகை மாத்திரை அந்த விரலக் கொஞ்சம் தளத்தி விடும். உள்ள பிரஷர் கொறையும், வடிகட்டு வேகமும் ஒரு சொட்டு கொறையும், கிரியாட்டின் கொஞ்சம் ஏறும். அதாவது ஏறுறது மருந்து வேலை செய்யுதுங்குறதுக்கு அடையாளம். ஆரம்பிச்ச நாலு வாரத்துக்குள்ள 30 சதவீதம் வர ஏறுனாலும் நிறுத்த வேண்டாம்னுதான் வழிகாட்டி சொல்லுது. 1.5 இருந்தது 1.8 ஆனா அது கணக்குக்குள்ளதான். அதுக்கு மேல போனாலோ பொட்டாசியம் ஏறுனாலோ டாக்டர் வேற காரணம் தேடணும்.

நம்ம ஊர்ல நடக்குறது என்ன? 1.5 இருந்தது 1.7 ஆனதும் "இந்த மாத்திரைதான் கிட்னிய கெடுக்குது"ன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்வாரு, மாத்திரை குப்பையில, அடுத்த டெஸ்ட்ல 1.5, பாத்தியா நான் சொன்னேம்லான்னு ஒரு சிரிப்பு. இத சரியா தீர்த்து வைக்கவே 2022-ல பிரிட்டன்ல ஸ்டாப்-ஏசிஇ-ன்னு ஒரு ஆராய்ச்சி வந்துது. கிட்னி ரொம்பவே கொறஞ்சு போன 411 பேரு, பாதிப் பேருக்கு இந்த மாத்திரைய நிறுத்துனாங்க, பாதிப் பேரு தொடர்ந்தாங்க. மூணு வருஷம் கழிச்சு, நிறுத்துனவங்க கிட்னி ஒண்ணும் தேறல.

அடுத்த பெரிய அலை எஸ்ஜிஎல்டி2 மருந்துக. ஆப்பிள் மரப் பட்டையிலருந்து 1835-ல பிரிச்செடுத்த ப்ளோரிசின்னு ஒரு பொருள்லருந்து வளந்த சங்கதி, சுகர யூரின் வழியா வெளிய தள்ளும். சுகர் மாத்திரையாத்தான் வந்துது, கிட்னிக்கு இவ்வளவு செய்யும்னு முதல்ல யாரும் நெனைக்கல. 2019-ல கிரெடன்ஸ், 2020-ல டாபா-சிகேடி, பொறவு எம்பா-கிட்னின்னு வரிசையா வந்து எல்லாம் ஒரே பக்கம் கை காட்டிச்சு. டாபா-சிகேடியில இந்தியா உட்பட 21 நாட்டுல 4,304 பேரு, மூணுல ஒரு பங்கு ஆளுகளுக்கு சுகரே கிடையாது. பாதிப் பேருக்கு டாபாக்ளிப்ளோசின், பாதிப் பேருக்கு சும்மா மாத்திரை, யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது. ரெண்டரை வருஷம் கிட்ட பாத்ததுல கிட்னி பாதிக்கு மேல கெடுறது, டயாலிசிஸ், கிட்னி இல்லன்னா இதயத்தால சாவு, இதெல்லாம் சேத்து சும்மா மாத்திரை எடுத்தவங்கள்ல 14.5 சதவீதம், மருந்து எடுத்தவங்கள்ல 9.2. அதாவது 19 பேருக்குக் குடுத்தா ஒருத்தர் தப்பிக்காரு. கேக்க சின்னதா இருக்கும், கிட்னி மருத்துவத்துல இது பெரிய நம்பர்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வேற ஒரு கணக்கு. முதல் ரெண்டு வாரத்துல மருந்து எடுத்தவங்க ஈஜிஎஃப்ஆர் சராசரியா 4 புள்ளி எறங்கிச்சு, சும்மா மாத்திரைக்காரங்களுக்கு 1 கூட எறங்கல. அந்த ரெண்டு வாரத்தோட லேப் ரிப்போர்ட்ட மட்டும் பாத்தா எந்த வீட்டுலயும் மருந்த நிறுத்திருப்பாங்க. ஆனா அதுக்குப் பொறவு வருஷத்துக்கு எவ்வளவு எறங்கிச்சுன்னா, சும்மா மாத்திரைக்காரங்களுக்கு 3.59, மருந்துக்காரங்களுக்கு 1.67. இத நம்ம பாணியில ஓட்டிப் பாருங்க. ரெண்டு பேருக்கும் 40 இருக்குன்னு வைங்க, டயாலிசிஸ் பத்தி பேசுற 10-க்கு வர எத்தன வருஷம்? மருந்தில்லாதவருக்கு எட்டு வருஷம் கிட்ட. மருந்து எடுத்தவரு முதல்லயே 4 எழந்து 36-ல நின்னாலும், பதினஞ்சு வருஷத்துக்கு மேல. நேர்கோட்டுல போகும்னு வச்சுப் போட்ட கணக்குதான் இது, ஆளுக்கு ஆள் மாறும், ஆனா ஒரு நாள் நம்பர விட சரிவு எவ்வளவு செங்குத்துங்குறதுதான் காரியம்னு இதுல பட்டவர்த்தனமா தெரியுது. டாபாக்ளிப்ளோசின் காப்புரிமை இந்தியாவுல முடிஞ்ச பொறவு வெல நல்லா எறங்கிருச்சு, இன்னைக்கு கூலி வேலை செய்யுறவங்களும் வாங்குற நெலமைக்கு வந்தாச்சு. வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாத நாள்லயும் ஆப்பரேஷனுக்கு முன்னாலயும் நிறுத்தி வைக்கணும், பிறப்புறுப்புல பூஞ்சைத் தொற்று வரலாம், இத ரெண்டையும் டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்குங்க.

இப்போ அந்த எதிர்க்கதை. பார்டாக்ஸலோன்னு ஒரு மருந்து, கிரியாட்டின எறக்கும். நெசமாவே எறக்குச்சு, ஈஜிஎஃப்ஆர் அஞ்சு புள்ளி கிட்ட மேல ஏறுச்சு. நாலாம் கட்டத்துல (ஈஜிஎஃப்ஆர் 15-லருந்து 29) உள்ள கிட்னி நோயாளிக்கு ஈஜிஎஃப்ஆர் ஏறுறதுன்னா கனவுலயும் நடக்காத விஷயம், எல்லாரும் துள்ளிக் குதிச்சாங்க. பீக்கன்னு 2,185 பேர வச்சு பெரிய ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. 2012 அக்டோபர்ல அவசரமா நிறுத்துனாங்க. மருந்து எடுத்தவங்கள்ல 96 பேருக்கு இதயம் தளர்ந்து ஆஸ்பத்திரி, சாவுன்னு ஆச்சு, சும்மா மாத்திரை எடுத்தவங்கள்ல 55. யூரின்ல ஆல்புமினும் கூடியிருந்துது, உடம்பு எடையும் கொறஞ்சிருந்துது. பேப்பர்ல மட்டும் நம்பர் அழகா இருந்துது. கோடிக்கணக்குல செலவு பண்ணி, கண்காணிப்புக் குழு வச்சு நடத்துன ஆராய்ச்சிக்கே ஒம்பது மாசம் தேவைப்பட்டுது இதக் கண்டுபிடிக்க. யாரோ ஒருத்தர் லேபிள் இல்லாத பொட்டலத்துல குடுக்குற "கிரியாட்டின் கொறைக்கும் மருந்து" உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு யாரு பாத்தா?

அப்போ ஆல்புமின நம்பலாமான்னு கேட்டா, அதையும் கண்ண மூடிட்டு நம்ப முடியாது. 2008-ல ஆன்டார்கெட்னு 25,620 பேர் ஆராய்ச்சி. பிரஷர் மாத்திரையில ரெண்டு வகைய ஒண்ணா சேத்துக் குடுத்தாங்க, யூரின் புரோட்டீன் நல்லா கட்டுப்பட்டுது, ஆனா டயாலிசிஸும் கிட்னி கெடுறதும் கூடித்தான் போச்சு. 2013-ல நெப்ரான்-டி அதே சேர்க்கையில பொட்டாசியம் ஏறி பாதியில நின்னுது. அதனாலதான் 2025-ல வந்த கான்பிடன்ஸ் ஆராய்ச்சி, பைனெரினோன்னு இன்னொரு கிட்னி மருந்தையும் எஸ்ஜிஎல்டி2 வகை எம்பாக்ளிப்ளோசினையும் சேத்துக் குடுத்தா தனித்தனியா குடுக்குறத விட ஆல்புமின் முப்பது சதவீதம் கிட்ட கூடுதலா கொறையுதுன்னு சொன்னப்போ, நல்ல சேதிதான், ஆனா பாத்தது ஆறு மாச ஆல்புமின், டயாலிசிஸ் இல்லங்குறதையும் சேத்துப் படிக்கணும். பேப்பர்ல கிட்னி மருந்து பத்தி எது வந்தாலும் நான் முதல்ல தேடுறது இதத்தான்: நம்பர அளந்தாங்களா, ஆளுக்கு என்ன ஆச்சுன்னு அளந்தாங்களா.

இந்தப் பெரிய ஆராய்ச்சிக எல்லாம் சொல்லாத சங்கதிகளும் நம்ம பக்கம் இருக்கு. புத்தளம், சாமித்தோப்பு பக்கம் உப்பளத்துல வெயில்ல நிக்கிறவங்களுக்கு சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல, ஆனா கிட்னி போகலாம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆளுக தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 350 பேருக்கு மேல பாத்ததுல பத்துல ஒம்பது பேரு கிட்ட பாதுகாப்பான அளவத் தாண்டுன சூட்டுலதான் வேலை செய்யுறாங்க, நூத்துக்கு ஏழு பேருக்கு கிட்னி வேகம் கொறஞ்சிருந்துது. தண்ணி குடிக்காம இருக்குறது, குறிப்பா பொம்பளைங்க ஒதுங்க எடம் இல்லாம தண்ணிய தள்ளிப் போடுறது, சாயந்திரம் மேல் வலிக்கு மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை. இது மூணும் சேந்தா போதும். மேல் வலி மாத்திரைன்னா ரப்பர் வெட்டுற குலசேகரம் பக்கமும் கடற்கரையிலயும் மிட்டாய் மாதிரிதான் போகுது. டெல்மிசார்ட்டானும் நீர் பிரியுற மாத்திரையும் எடுக்குறவரு கூட டைக்ளோபெனாக்கும் போட்டா, மூணும் சேந்து கிட்னிய திடீர்னு கவுத்து விடும், இது புத்தகத்துலயே உள்ள விஷயம்.

மலையாளக் கரைப் பக்கம் எழுதி வச்ச ரெண்டு ஆராய்ச்சி நமக்கு அப்பிடியே பொருந்தும். வீட்டுக்கு வீடு நிக்குற புளிச்சக்காய், அவங்க இரும்பன்புளிம்பாங்க, கொழுப்பு கொறையும்னு அத ஜூஸ் அடிச்சுக் குடிச்ச பத்துப் பேருக்கு கிட்னியில ஆக்சலேட் படிஞ்சு அடைச்சுக்கிட்டத 2013-ல கேரளா டாக்டர்மாரு எழுதுனாங்க, ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டுது. மீன் கறியில நாலு காய் போடுறது வேற, வெறும் வயித்துல டம்ளர் டம்ளரா ஜூஸ் குடிக்கிறது வேற. இன்னொண்ணு வெளுப்பாக்குற கிரீம். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்ல, யூரின்ல புரோட்டீன் கொட்டி கால் வீங்கி வந்த 22 பேர (மெம்பரனஸ்னு ஒரு வகை நோய்) 2021-லருந்து 2023 வர ஆராஞ்சாங்க. 15 பேருக்கு கிட்னித் திசுவுல நெல்-1-ங்குற புரதம் இருந்துது, அந்த 15-ல 13 பேரு வெளுக்குற கிரீம் பூசுனவங்க, சந்தேகம் அதுல உள்ள பாதரசம் மேல. பாதரசம் கலந்த நாட்டு மருந்து எடுத்தவங்களுக்கும் இதே நெல்-1 வகை வர்றத சென்னையில திசு பாக்குற டாக்டர்மாரும் எழுதிருக்காங்க. சித்த வைத்தியம் எல்லாமே தப்புன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, வைத்தியர் பேரும் மருந்து பேரும் இல்லாத பொட்டலம் தப்பு. நல்ல பக்கம் என்னன்னா இந்த வகையில நிறைய பேருக்கு கிரீம நிறுத்துனதும் கசிவு கொறைஞ்சுது. டாக்டர் "என்ன பூசுறீங்க, என்ன பொடி திங்கிறீங்க"ன்னு கேட்டா மறைக்காம சொல்லுங்க, வெக்கப்பட வேண்டியது ஒண்ணும் இல்ல.

கடைசியா, நம்பர வச்சே எடுக்குற பெரிய முடிவு ஒண்ணு இருக்கு, டயாலிசிஸ் எப்போ ஆரம்பிக்கணும்ங்குறது. கிரியாட்டின் 6 தாண்டிருச்சு, உடனே போடணும்னு வீட்டுல ஆளுக்கு ஆள் பதறுவாங்க. 2010-ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல ஐடியல்னு 828 பேர வச்சு இதையே நேரா சோதிச்சாங்க. ஒரு பாதிக்கு கிட்னி வேகம் 10-லருந்து 14-க்குள்ள இருக்கும்போதே ஆரம்பிக்கிறது, இன்னொரு பாதிக்கு 5-லருந்து 7-க்கு வர பொறுக்குறது. மூணரை வருஷத்துக்கு மேல பாத்ததுல சாவுல வித்தியாசமே இல்ல. ஆனா பொறுக்கச் சொன்ன பாதியில நாலுல மூணு பேரு 7-க்கு வர்றதுக்கு முன்னாலயே மூச்சு முட்டு, வாந்தி, நீர் வீக்கம்னு வந்து ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு. அதனால டாக்டர் உடம்பு சொல்றதையும் பாத்துத்தான் முடிவு பண்ணுவாரு, கிரியாட்டின் 6 ஆனாலும் நல்லா சாப்பிட்டு நடமாடிட்டு இருந்தா பொறுக்கச் சொல்லலாம், 4-லயே நுரையீரல்ல நீர் ஏறுனா அன்னைக்கே போடச் சொல்லலாம், ரெண்டும் தப்பில்ல. பொறுக்குறதுன்னா சும்மா இருக்குறது இல்ல. டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக கையில ரத்தக் குழாய்கள இணைச்சு பிஸ்டுலா போட்டா அது வலுவாகி ஊசி தாங்க ஒரு மாசம் ரெண்டு மாசம் வேணும், சிலருக்கு அதுக்கும் மேல, அதனால ஈஜிஎஃப்ஆர் 20-க்குக் கீழ வந்ததும் அந்தப் பேச்ச ஆரம்பிச்சுரணும், வீட்டுல கிட்னி குடுக்க யாராவது இருந்தா அதையும் அப்பவே பேசிரணும். அதுவர எந்த லேப்ல ரத்தம் எடுத்தாலும் எழுதாத கையில, பலருக்கு அது இடது கை, மணிக்கட்டுக்கு மேல குத்த விடாதீங்க, பொறங்கையில எடுத்துக்கச் சொல்லுங்க.